புது மாடல் வந்தால் பழைய பிக்கப் என்ன விலைக்குப் போகும்? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஏதாவது ஒரு ஆட்டோ கன்சல்டிங் வாசலில் பழைய பிக்கப்பைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். இறங்குவதற்குள் காதில் விழும்: “அண்ணே, இதுலதான் புது மாடல் வந்துருச்சே.” பானெட்டைத் திறந்திருக்க மாட்டார்கள், டயரைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆர்.சி. கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் விலை இறங்கியிருக்கும்.

அவர் சொல்வது பொய்யில்லை, அரைகுறை. புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பழைய வண்டியின் விலை இறங்குவதில்லை. உங்கள் வண்டியை வாங்கப் போகிறவர் மாதம் கட்ட வேண்டிய டியூவையோ, அதை ஓட்டி அவர் எடுக்கப்போகும் வாடகையையோ அந்தப் புது மாடல் தொட்டால்தான் இறங்கும். சில சமயம் ஏறவும் செய்யும். எப்போது எது நடக்கும் என்று விற்கப் போகும் முன்பே கணித்துவிடலாம். முதல்முறை விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பேசப்போவது நம் பக்கம் லோடு அடிக்கும் வண்டிகளைப் பற்றி: குட்டியானை என்று எல்லோரும் கூப்பிடும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா இன்ட்ரா, யோத்தா. வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி நாலு கதவு பிக்கப்பை வாங்குகிறவர் வாடகைக் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை. அது வேறு சந்தை.

முதல் வேலை: எந்த மாதிரிப் ‘புதுசு’ என்று பாருங்கள்

புது மாடல் என்று சொல்வதெல்லாம் ஒன்றல்ல. முகப்பு, விளக்கு, ஸ்டிக்கர், சீட் துணி மாறி வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். வாழைத்தார் ஏற்றுகிறவருக்கு முகப்பு விளக்கின் வடிவம் எதற்கு? இந்த மாதிரி மாற்றத்தைக் காட்டி யாராவது விலை குறைத்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது, பழைய மாடலும் ஷோரூமில் இருக்க, பக்கத்திலேயே இன்னொன்று வருவது. மஹிந்திரா 2022 ஆகஸ்டில் பொலிரோ மேக்ஸ் பிக்கப்பைக் கொண்டுவந்தது, 2023 ஏப்ரலில் அந்த வரிசையைப் பெரிதாக்கியது. பழைய பொலிரோ பிக்கப்பை அதற்காக உடனே மூட்டை கட்டவில்லை. 2011இல் வந்த தோஸ்த் கதையும் இதுதான். 2020 செப்டம்பரில் படா தோஸ்த் வந்த பிறகும் தோஸ்த் விற்பனையில் இருந்தது. இப்படி இரண்டும் சேர்ந்து ஓடும்போது பழையதற்குப் பாகம் கிடைக்கும், மெக்கானிக்குக் கை பழகியிருக்கும், புதிதாகவே வாங்க ஆளிருக்கும். விலை பெரிதாக ஆடாது. “மேக்ஸ் வந்துருச்சே” என்று யாராவது ஆரம்பித்தால், “பழசும் ஷோரூம்ல நிக்குதே, அதோட ஆன்ரோடு என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன், அந்த வாரம் அது உண்மையிலேயே விற்பனையில் இருக்கிறதா என்று ஷோரூமுக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவருவதுதான் வலிக்கும் வகை. மஹிந்திரா மேக்ஸிமோ வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். டாடா சூப்பர் ஏஸ் போய் 2019இல் இன்ட்ரா வந்ததும் இந்த வகைதான். பெயர் பட்டியலில் இல்லாமல் போன வண்டியை வாங்க வருகிறவரின் முதல் கேள்வி பாகம் பற்றியதாக இருக்கும். கடன் கொடுக்கிறவரும் கையை இழுத்துக்கொள்வார். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: டாடா 207 மாதிரி எந்தப் பட்டறைக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடக்கூடிய வண்டி. உற்பத்தி நின்றாலும் அது தாக்குப்பிடிக்கும். ஆகவே ‘நிறுத்திவிட்டார்களா’ என்பதோடு, ‘திருவாரூரிலோ பட்டுக்கோட்டையிலோ ஸ்பேர் கடையில் கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார்களா’ என்பதையும் பாருங்கள். போன் போட்டுக் கேட்டாலே போதும்.

இன்னும் இரண்டு வகை பாக்கி: மாசு விதி மாறுவதால் வரும் புதுசு, வரி அல்லது விலை குறைந்து வரும் புதுசு. பணம் பெரிதாகப் போவதும் வருவதும் இவற்றில்தான்.

மாசு விதி மாறும்போது

வண்டிப் புகைக்கான பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) விதி நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1 அன்று வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 29 அன்று, பி.எஸ். 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவும் பதிவு செய்யவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேங்கிக் கிடந்த வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அப்போது சல்லிசாக எடுத்தவர்களின் ஆர்.சி.யில் ஆண்டு 2017, விதி பி.எஸ். 3. இன்று அதை விற்கப் போனால் 2017 வண்டி என்று கேட்கும் விலை கிடைக்காது, விதியைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். வாங்குகிறவர்களும் ஆண்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மாசு விதி எது என்பதை அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 வந்தபோது நடந்தது வேறு. டீசல் வண்டிகளின் புது விலை ஏறியது. புகையை வடிகட்டும் கருவிகள், சென்சார்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. அதனால் நல்ல நிலையில் இருந்த பி.எஸ். 4 வண்டிக்கு நம் பக்கம் கிராக்கி கூடியது. போதாக்குறைக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகள் சிப் தட்டுப்பாட்டில் புது வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அறுப்புக்கு வண்டி வேண்டும் என்கிறவர் எவ்வளவு மாதம் காத்திருப்பார்? பழசைத்தான் எடுத்தார்.

டெல்டாவுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. டீசல் பி.எஸ். 6 வண்டிகளில் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். திருச்சி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது தானாக நடந்துவிடும். களத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் கொள்முதல் நிலையத்துக்கு, வாய்க்கால் கரையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போய், அங்கே என்ஜின் ஓடியபடி வரிசையில் நிற்கும் வண்டிக்கு அந்த ஓட்டம் கிடைப்பதில்லை. விளக்கு எரிய ஆரம்பிக்கும். உள்ளூர் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இல்லை என்றால் டவுனுக்குத்தான் இழுத்துப் போக வேண்டும். கிராமத்துக்குள்ளேயே ஓடப்போகிறவர் பி.எஸ். 4 தேடுவது இதனால்தான். உங்களிடம் பி.எஸ். 4 இருந்தால், அதை நகரத்துக் கன்சல்டிங்கில் விற்பதைவிட ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயிக்கோ நெல் வியாபாரிக்கோ நேராகக் காட்டுங்கள். அவர்தான் அதற்கு மதிப்புத் தெரிந்தவர்.

பி.எஸ். 6இன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் 1 அன்று வந்தது. வண்டி ஓடும்போதே புகை அளவைக் கண்காணிக்கும் ஏற்பாடு அதில் சேர்ந்தது. பழைய வண்டி விலையில் முதல் கட்டம் அளவுக்கு அது பெரிய பிளவை உண்டாக்கவில்லை. பெரும்பாலான வாங்குபவர்கள் ‘பி.எஸ். 6தானே’ என்று கேட்பதோடு சரி.

டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று செய்தி வரும்போதெல்லாம் இங்கே ஒரு கலக்கம் வருகிறது. அது தலைநகர்ப் பகுதிக்கான கட்டுப்பாடு. அதைச் சொல்லி உங்கள் ஒன்பது வயது தோஸ்தின் விலையைக் குறைக்க வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள். நம் ஊரில் வயது விலையைக் கடிக்கும் இடம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எட்டைத் தாண்டும் முன், கையில் ஓராண்டுக்கு மேல் எஃப்.சி. பாக்கி இருக்கும்போது விற்பது நல்லது. எந்த மாடல் புதிதாக வந்தாலும் வராவிட்டாலும் இது பொருந்தும்.

விலை குறைந்து வரும் புதுசு: டியூவைப் போட்டுப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வண்டியில் ஒரு ஆணிகூட மாறவில்லை. ஆனாலும் எந்தப் புது மாடலும் செய்யாத வேலையைப் பழைய வண்டி விலையில் அது செய்தது. ஆகஸ்ட் 15 அன்றே வரி குறையப்போகிறது என்று பிரதமர் சொல்லிவிட்டதால், வாங்க நினைத்தவர்கள் எல்லாம் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஐந்து வாரம் பழசும் நகரவில்லை.

இது எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்துகொண்டால் பிறகு எந்த வெளியீட்டுக்கும் அதே கணக்குதான். இதில் வரும் விலையும் வட்டியும் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் நிதி நிறுவனம் சொல்லும் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு புது பிக்கப் வரியோடு 10 லட்சம் என்று வையுங்கள். 9 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு. டியூ ஏறக்குறைய 19,100. அதே ரகத்தில் நீங்கள் விற்கும் பழைய வண்டி 6.5 லட்சம். வாங்குகிறவர் 2 லட்சம் கையிலிருந்து போட்டு 4.5 லட்சம் கடன் எடுக்கிறார். பழைய வண்டிக்கு வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு. 16 சதவீதம், மூன்று ஆண்டு என்றால் டியூ ஏறக்குறைய 15,800. வித்தியாசம் மாதம் 3,300. அந்த 3,300க்காகத்தான் அவர் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்.

இப்போது வரி 18 ஆகிறது. 10 லட்சம் வண்டி ஏறக்குறைய 9.22 லட்சமாகிறது. 8.3 லட்சம் கடனுக்கு டியூ 17,600. உங்கள் வண்டி அதே 6.5 லட்சத்தில் நின்றால் வித்தியாசம் 1,800தான். மாதம் 1,800 கூடக் கட்டினால் வாரண்டியோடு புது வண்டி என்றால் யார் பழசைத் தொடுவார்? பழைய 3,300 வித்தியாசத்தை மீட்க வேண்டுமானால் நீங்கள் ஏறக்குறைய 42,000 ரூபாய் இறங்க வேண்டும். புது வண்டி 78,000 இறங்கியதற்குப் பழையது அதில் பாதிக்குச் சற்று மேல். புரோக்கர் “புதுசே எண்பதாயிரம் இறங்கிருச்சுண்ணே, நீங்களும் அதே அளவு இறங்குங்க” என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதே கண்ணோடு 2025 ஜூனில் வந்த டாடா ஏஸ் புரோவைப் பாருங்கள். வந்தபோது ஆரம்ப விலை ரூ. 3.99 லட்சம். சின்ன வண்டியில் புதுசே இப்படிப்பட்ட விலைக்கு வரும்போது, நாலைந்து வயதான குட்டியானைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கேட்பவர் எதிர்க்கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். மாறாக, 2024 செப்டம்பரில் ரூ. 7.99 லட்சம் ஆரம்ப விலையில் வந்த மஹிந்திரா வீரோ குட்டியானைக்காரரை அசைக்காது. அது அடிப்பது தோஸ்த், இன்ட்ரா, பிக்கப் இருக்கும் படிக்கட்டில். எனவே புது மாடலின் ஆரம்ப விலை உங்கள் வண்டியின் புது விலைக்குக் கீழே விழுகிறதா, மேலே நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மேலே நின்றால் பெரும்பாலும் பயமில்லை.

கடன் பக்கம் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பான ஐ.டி.வி., அந்த மாடலின் இன்றைய பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து வருவது. ஓராண்டு தாண்டி இரண்டுக்குள் 20 சதவீதம், மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. நீங்கள் வாங்கிய விலைக்கு அதில் இடமில்லை. புது வண்டி விலை குறைந்தால் அடுத்த புதுப்பித்தலில் ஐ.டி.வி.யும் குறையும். மாடல் நின்றுபோயிருந்தாலோ ஐந்து வயது தாண்டியிருந்தாலோ நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கிறவர்கள் இதையும் ஒரு பார்வை பார்ப்பதால், ஐ.டி.வி. நன்றாக இருக்கும் பாலிசி கையில் இருக்கும்போதே விற்றுவிடுவது உங்களுக்கு லாபம்.

வாடகைக் கணக்கு

டியூ ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் லோடு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் (மூட்டை) 40 கிலோ. 1.3 டன் ஏற்றும் வண்டியில் சட்டப்படி 32 சிப்பம், 1.7 டன்னில் 42, இரண்டு டன்னில் 50. பொலிரோ மேக்ஸ் வரிசையில் 1.3இலிருந்து 2 டன் வரை வந்தது என்பதன் அர்த்தம் இந்தச் சிப்பக் கணக்கில்தான் தெரியும். நூறு சிப்பத்துக்கு ஒருவர் மூன்று நடைக்கு மேல் அடிக்க வேண்டும், இன்னொருவர் இரண்டே நடையில் முடித்துவிடுவார். (யார் சட்டப்படி ஏற்றுகிறார்கள் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியின் ஸ்பிரிங் பட்டையும் சேஸும் விற்கும் நாளில் பேசும்.) ஆகவே நெல் வாடகைக்கு ஓடிய 1.3 டன் வண்டி, பெரிய லோடு ஏற்றும் புது மாடலால் நிஜமாகவே அடி வாங்கும்.

அதே வண்டியைப் பூ வியாபாரிக்கோ, தாராசுரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவருக்கோ, தண்ணீர் கேன் போடுகிறவருக்கோ காட்டினால் நிலைமை மாறும். அவர்களுக்கு எடையைவிடச் சந்துக்குள் நுழைவதும் மைலேஜும்தான் பெரிது. இன்னொன்று, வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. புதிதாக வரும் பெரிய பிக்கப்புகள் பல இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. பர்மிட் அலைச்சல் வேண்டாம் என்கிறவர் கோட்டுக்குள் இருக்கும் பழைய வண்டியைத்தான் தேடுவார். உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 3,000க்குள் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லி விளம்பரம் போடுங்கள்.

எரிபொருளும் வாடகைக் கணக்கில் சேர்ந்ததுதான். சி.என்.ஜி. மாடல் வந்துவிட்டது என்றால் உங்கள் ஓட்டத்தில் சி.என்.ஜி. பங்க் எங்கே, அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பாருங்கள். பங்க் தூரமாக இருக்கும் ஊரில் டீசல் பிக்கப்பின் விலையை அது அசைக்காது.

டெல்டா காலண்டர்

கம்பெனிகள் புது மாடலை இறக்கும் மாதங்களைக் கவனியுங்கள். மேக்ஸ் ஆகஸ்ட், படா தோஸ்த் செப்டம்பர், வீரோ செப்டம்பர். நவராத்திரி, தீபாவளி வாங்கலைக் குறிவைத்து ஆவணி, புரட்டாசியில் இறக்குவது ஒரு வழக்கம். நம் பக்கம் குறுவை அறுப்பும் அந்த நேரத்தில்தான். அறுப்பு, ஆயுதபூஜை, புது வெளியீடு மூன்றும் ஒன்றாகச் சேர்வதால் அந்த இரண்டு மாதம் சந்தை குழம்பும்.

வெளியீடு வந்த கையோடு, புதுசு எடுத்தவர்களின் பழைய வண்டிகள் எல்லாம் எக்ஸ்சேஞ்சில் வந்து கன்சல்டிங் வாசலில் வரிசை கட்டும். ஒரே மாதிரி வண்டி ஐந்து நின்றால் ஆறாவதாகப் போகிறவருக்கு என்ன விலை கிடைக்கும்? அதனால் விற்பவருக்கு இரண்டு வழி. வெளியீட்டு வதந்தி பலமாகும் முன், வைகாசி, ஆனியில், மேட்டூர் திறப்பு எதிர்பார்ப்பில் ஊர் சுறுசுறுப்பாக இருக்கும்போது விற்றுவிடுவது. அல்லது அந்தக் கூட்டம் கரையும் வரை வைத்து ஓட்டி, தையில் சம்பா அறுப்போடு விற்பது. தையில் கையில் பணமும் இருக்கும், வண்டிக்கு வேலையும் இருக்கும். என்னைக் கேட்டால் தைதான். ஒரு சிக்கல்: ஜனவரி பிறந்ததும் வண்டிக்கு ஒரு வயது கூடிவிட்டதாகக் கணக்குப் போடுவார்கள். சம்பா வாடகை வருமானத்தோடு அதை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆடியில் புது வண்டி எடுக்கத் தயங்குவார்கள், ஆடிப்பெருக்கு ஒரு நாள் தவிர. மார்கழியும் மந்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்க ஆள் குறைவு. வாங்குகிறவருக்கு இந்த மாதங்கள்தான் பேரம் பேச ஏற்றவை, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று மட்டும் சீட்டுக்கு அடியிலும் வயரிங் மூட்டுகளிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினம், காரைக்கால் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் மீன் வண்டிகள் விலைக்கு வரும், சல்லிசாகத் தோன்றும். தொட்டியின் அடிப்பலகையைத் தூக்கி, சேஸில் துரு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்காமல் கை நீட்டாதீர்கள். உப்புத் தண்ணீர் சொட்டிய வண்டிக்குப் புது மாடல் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே விலைதான்.

விலை கேட்கும் முறை

வண்டியைக் காட்டுவதற்கு முன், அதே ஆண்டு, அதே மாடல் வண்டியை வாங்க வருகிறவர் போல இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். தஞ்சாவூரில் ஒன்று, திருச்சியில் ஒன்று கட்டாயம். திருச்சியில் வண்டிகள் அதிகம் நிற்பதால் விலை தெளிவாகத் தெரியும். அவர்கள் விற்கச் சொல்லும் விலைக்கும் உங்களிடம் வாங்கக் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவர்களுடைய லாபமும் செலவும். புது வெளியீடு வந்த மாதத்தில் அந்த இடைவெளி அகலமாகும், ஏனென்றால் வண்டி எவ்வளவு நாள் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது. அப்போது நேரடி விற்பனைதான் சரி.

ஷோரூம் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடியுங்கள். பழைய வண்டி இருப்பதையே சொல்லாமல் புது வண்டியின் ஆன்ரோடு விலையையும் தள்ளுபடியையும் முதலில் எழுதி வாங்குங்கள். அப்புறம் பழைய வண்டிக்கு விலை கேளுங்கள். கடைசியில் எக்ஸ்சேஞ்ச் போனஸ். மூன்றையும் ஒரே பேச்சில் கலந்தால், போனஸ் என்று கொடுப்பதைப் பழைய வண்டி விலையில் கழித்துவிட்டிருப்பார்கள், உங்களுக்குத் தெரியாது.

வாங்குகிறவர்களுக்கு ஷோரூமிலேயே ஒரு கேள்வி காத்திருக்கும்: புது மாடல் வந்ததும் தள்ளுபடியில் தரும் பழைய ஸ்டாக் வண்டியை எடுக்கலாமா? எட்டு, பத்து ஆண்டு வைத்து ஓட்டித் தேய்க்கப் போகிறவர் தாராளமாக எடுக்கலாம். மூன்று ஆண்டில் மாற்றுகிறவர், அந்த மாடல் நிற்கப் போகிறதா என்று தெரியாமல் எடுக்கக் கூடாது. விற்கும் நாளில் நீங்கள் தள்ளுபடியில் வாங்கியதெல்லாம் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அதையும் சேர்த்துக் குறைப்பார்கள். ஆர்.சி.யில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். பதிவு இந்த ஆண்டு, உற்பத்தி போன ஆண்டு என்றால் பழைய ஆண்டு வண்டி என்றே விலை பேசப்படும்.

புத்தம்புது மாடலை முதல் மாதமே எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் போகட்டும். பாகம் கும்பகோணம் கடைக்கு வரட்டும், ஸ்டாண்டில் இரண்டு பேர் எடுத்து ஓட்டி இழுவை எப்படி, மைலேஜ் எப்படி என்று சொல்லட்டும். மறுவிற்பனை விலை என்பது அந்த ஸ்டாண்டுப் பேச்சிலிருந்துதான் பிறக்கிறது. மின்சார பிக்கப்புக்கு இது இன்னும் பொருந்தும். 2022இல் ஏஸ் மின்சார வண்டி வந்தாலும் நம் பக்கம் பழைய மின்சார வண்டிக்கு என்று நிலைத்த விலை உருவாகவில்லை. வாங்கினால் பேட்டரி வாரண்டி அடுத்த ஓனருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

காகிதம்

ஆர்.சி.யில் எச்.பி. (நிதி நிறுவனத்தின் கடன் பதிவு) இருந்தால் கடைசி டியூ கட்டி, நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) படிவம் 35ம் வாங்கி ரத்து செய்துவிட்டு விற்பனைக்குப் போங்கள். புது வெளியீட்டுப் பரபரப்பில் பாதி வியாபாரம் உடைவது இதில்தான். வாங்க ஆள் வந்து நிற்பார், என்.ஓ.சி. பத்து நாள் ஆகும், அதற்குள் அவர் ஷோரூமில் புதுசுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நிலுவை அபராதம் பரிவாகனில் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

டி.என். 49, 50, 51, 68, 82 எதுவானாலும் தமிழ்நாட்டுக்குள் மாறுவது எளிது. காரைக்கால் பி.ஒய். 02 வண்டி மாநிலம் தாண்டி வருவது. அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே வரி, மறுபதிவு என்று செலவும் நாளும் ஆகும். அதன் விலை குறைவாகத் தெரிந்தால் இந்தச் செலவைக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

பெயர் மாறும்வரை வண்டியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கும் 14 நாள்தான். கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, அது உங்களுடையது. அடுத்த பிக்கப் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி, புது வண்டிக்குப் பாலிசி போடும்போது கொடுங்கள்.